பதினாறடிப் படகு

எங்கள் ஊர்த் தச்சன் அழகுமலைக்குக் கதவு, நிலை, மாட்டுவண்டி எல்லாம் அத்துப்படி. மிதக்கிற பொருள் என்று அவன் பார்த்தது வண்டியூர்த் தெப்பம் ஒன்றுதான், அதுவும் கரையில் நின்று. அப்படிப்பட்டவன் எண்பத்தொன்றாம் வருஷம் ஆவணியில் படகு கட்டப்போகிறேன் என்று கிளம்பினான்.

காரணம் இருந்தது. முந்தின ஐப்பசியில் கண்மாய் உடைத்துக்கொண்டு, தார்ரோட்டுக்குப் போகும் பாதையை அறுத்துவிட்டது. அன்றைக்குத்தான் அவன் தங்கை முத்துத்தாய்க்குப் பிரசவ வலி. வண்டி இறங்க வழியில்லை. தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. இப்போது அவன் மனைவி ஒச்சம்மாளுக்கு ஏழாம் மாதம்.

கே.கே. நகரில் ஒரு டாக்டர் வீட்டுக்கு ஜன்னல் பொருத்தப் போன இடத்தில், இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய படகின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி வந்தான். கனடா நாட்டுப் படமாம். அதைப் பிரித்த நாளிலிருந்து மனுஷனுக்குத் தலை சுற்றல். படகைக் கவிழ்த்த வாக்கில் கட்டணுமாம். அடிக்கு ஒன்றாகப் படகின் குறுக்கு வடிவில் வெட்டிய அச்சுப் பலகைகளை நிறுத்தி, சந்தன வேம்பை விரலகலச் சட்டங்களாக அறுத்து, அந்தப் பலகைகளின் மேல் வளைத்துப் பசை போட்டு ஒட்டணும். கடைசியில் அச்சைக் கழற்றி எறிந்துவிடணுமாம்.

“அப்புறம் எது மாப்ள தாங்கும்?” என்று என்னைக் கேட்டான். சைக்கிள் கடைக்காரன் எனக்கு என்ன தெரியும்?

அதைவிடப் பெரிய குழப்பம் நீளம். படத்தில் பதினைந்தடி. மனையடிக் கணக்கில் பதினைந்து ஆகாது, பதினாறுதான் யோகம். ஆகாத அளவில் அவன் இதுவரை அளவுக்கயிறு பிடித்ததே இல்லை. நடுவில் ஓர் அடியைக் கூட்டிப் பலகைகளை நிறுத்தினான். சட்டத்தை வளைத்தால் ஒரு பலகையில் உட்கார்ந்தது, அடுத்ததில் தூக்கிக்கொண்டது. செதுக்கினான், மறுபடி செதுக்கினான். ஒன்பது நாள் இப்படியே போனது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“படத்துல உள்ளபடி வையேன்டா!”

“பதினஞ்சுல வச்சு, இவளுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?”

காப்பி கொண்டுவந்த ஒச்சம்மாள் அப்படியே நின்றாள். “ஏங்க, முத்துத்தாயி வலியில கெடந்துச்சே, அந்த ரூமு எத்தனை அடி?”

அந்த அறைக்கும் கயிறு பிடித்தவன் அவன்தான்.

“பதினாறு.”

அவன் பலகைகளின் ஆணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். “எனக்கு ஒண்ணும் வெளங்கல புள்ள,” என்றபடி டேப்பின் முனையை அவளிடம் கொடுத்தான். அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்து, பலகைகள் நின்ற அடிக்கட்டையின் முனையில் அதை அழுத்திப் பிடித்தாள். அவன் பதினைந்தாவது அடியில் கோடு போட்டான்.