பென்டிரைவில் இருந்த பெரியப்பா

மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

மலாயா சுதந்திரத்துக்கு முன்பே இதே மலாக்காவில் பிறந்த என் பெரியப்பாவிடம் இன்றும் குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டைதான். குடியுரிமை மனுவுக்காக மருத்துவச்சியின் கடிதம், தோட்டப் பள்ளிச் சான்று என்று அலைந்து சேர்த்து, ஸ்கேன் செய்து பென்டிரைவில் வைத்தேன். அசல் தாள்கள் பிறகு வெள்ளத்தில் போய்விட்டன.

மடிக்கணினியிலும் ஒரு நகல் வைக்கச் சொன்னேன் தம்பியிடம். அவன் இரண்டு கோப்புறைகளையும் அருகருகே காட்டும் மென்பொருளைத் திறந்தான். இடப்பக்கம் மடிக்கணினி, காலி. வலப்பக்கம் பென்டிரைவ். குருபோங்கில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் இடப்பக்கம் இருப்பதுதான் எப்போதும் மூலமாம்; வலப்பக்கம் அதைப் போலவே மாறிவிடுமாம். அதே பழக்கத்தில் பொத்தானை அமுக்கினான். 'வலப்பக்கம் பதினேழு கோப்புகள் அழிக்கப்படும், சரியா?' என்று திரை கேட்டது.

"டேய், அழிக்கவான்னு கேக்குதுடா!"

"அது எப்பவும் அப்படித்தான்லா கேக்கும், அக்கா."

ஓகே போடுவதற்குள் அவன் கையைத் தட்டிவிட்டேன்.

இப்போது மூன்று இடங்களில் நகல் வைத்திருக்கிறேன். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்று திரையில் விரல் வைத்துப் பார்த்த பிறகே எதையும் அமுக்குகிறேன்.

அன்று பெரியப்பா எங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் இங்கே பிறந்தார் என்பதற்கு அவர் போதாதாம், அந்தப் பதினேழு கோப்புகள் வேண்டுமாம்.