ஓங்கிய கை

எங்கள் ஊர் காஜா பெராங் சாலையோரத்தில் ஒரு பெண் மரவள்ளிக்கிழங்கு அவித்து விற்கிறாள். நேற்று அந்த வாசனை வந்ததும், ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்திருந்த காலத்து எங்கள் வீட்டு அடுப்படிக்கே போய்விட்டேன்.

அரிசி கிடைக்காத காலம் அது. கிழங்குக் கஞ்சிதான் எங்கள் சாப்பாடு. அப்பா கண்டிப்பானவர். தப்பு செய்தால் கடவுள் தண்டிப்பார் என்று சொல்லிக்கொண்டே எங்களை அடிப்பார்.

ஒருநாள் ஜாலான் பெண்டஹாரா தெருவில், சரியாகக் குனிந்து வணங்கவில்லை என்று ஒரு ஜப்பானியச் சிப்பாய் என் கண்ணெதிரே அப்பாவைக் கன்னத்தில் அறைந்தான். அப்பா வீடு வரும் வழி முழுக்க என் கையை இறுகப் பிடித்தபடி நடந்தார்.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்த நேரம், தம்பி அந்தோணி கஞ்சிப் பானையைத் தவறவிட்டான். அன்றைய சாப்பாடு முழுவதும் தரையில் ஓடியது. அப்பா கையை ஓங்கினார். தம்பி சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்களை மூடினான்.

"ஏசுவே!" என்றார் அம்மா.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"பயப்படாதடா," என்றார் அப்பா. கையைக் கீழே இறக்கினார். "அடி வாங்குனா எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. தினமும் கடவுள அப்பான்னு கூப்பிட்டு ஜெபம் பண்றோமே, அவர் என்னைய ஒரு நாளாவது இப்படி அடிச்சிருக்காரா?"

தரையை அவரே துடைத்தார். கொல்லையில் இன்னும் முற்றாத கிழங்கைத் தோண்டி வந்து அவித்துக் கொடுத்தார்.

மாலை ஜெபத்தில் தம்பி எப்போதும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால்தான் இருப்பான். அன்று தானாகவே எழுந்து போய், அப்பாவை ஒட்டி முழங்காலிட்டான்.