பிஸ்கட்டின் காதுகள்

எங்கள் ஊர் குவில்பியில் வேட்டை விலங்குகளைப் பாடம் பண்ணுபவள் ரேலீன் ஸ்டப்ஸ். அவள் கைபட்ட பன்றித் தலை நம்மைப் பார்த்து முறைக்கும். படிவம் என்றால் மட்டும் அவளுக்கு ஆகாது. அதை நிரப்பித் தருவது நான்.

போன ஜூனில் ஆஸ்திரியாக்காரர் டீட்மார் இங்கே ஒரு காட்டுநாயைச் சுட்டு, பாடம் பண்ணித் தன் நாட்டுக்கு அனுப்பச் சொன்னார். ஏற்றுமதிப் படிவத்தின் முதல் கேள்வியே வம்பு: இது என்ன விலங்கு? காட்டுநாய் இனமான டிங்கோ என்றால் இந்த மண்ணின் சொந்த விலங்கு, அனுமதி வர மாதக்கணக்காகும். ஓடிப்போன வீட்டு நாயின் வம்சம் என்றால் உடனே அனுப்பலாம். ஆடு வளர்க்கும் எங்கள் ஊரில் இரண்டுமே வெறும் நாய்தான்.

தோலில் ஒரு துணுக்கு அனுப்பினால் சோதித்துச் சொல்வதாக அதிகாரி ஃபோனில் சொன்னார். ரேலீன் வெளியூர் போயிருந்தாள். அவள் வேலைப்பாட்டைக் கெடுக்கப் பயந்து, வெளியே தெரியாமல் காதுக்குப் பின்னால் நறுக்கி அனுப்பினேன். கலப்பில்லாத வீட்டு நாய் என்று முடிவு வந்தது.

திரும்பி வந்த ரேலீன் அதைப் படித்தாள்.

"எங்கேருந்து வெட்டின?"

"காதுலேருந்து."

"அது என் பிஸ்கட்டோட காது."

பிஸ்கட், கோடையில் செத்துப்போன அவளுடைய ஆடு மேய்க்கும் கெல்பி நாய். டீட்மாரைக் காட்டுக்குக் கூட்டிப்போன மெர்வ், காட்டுநாயின் காதுகளை வழக்கம்போல் அறுத்து ஊர்க் கவுன்சிலில் கொடுத்து, காட்டுநாயைக் கொன்றால் தரும் வெகுமதியை வாங்கிவிட்டானாம். காதில்லாத தலைக்கு ரேலீன், தான் எடுத்து வைத்திருந்த பிஸ்கட்டின் காதுகளைத் தைத்துவிட்டிருக்கிறாள்.

"நாய் விழுந்தா கத்தி தானா காதுக்குப் போயிடுது, ரே," என்றான் மெர்வ். "பேசாம அனுப்பிடு. செத்த நாயா வந்து சாட்சி சொல்லப்போகுது?"

"சொல்லிடுச்சேடா. அதுவும் பொய்ச் சாட்சி. நாளைக்குத் தெரிஞ்சா என் லைசென்ஸ் போயிடும்."

அவளே அதிகாரிக்கு ஃபோன் போட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"உடம்பு ஒண்ணு, காது இன்னொண்ணா? அதுக்குப் படிவத்துல கட்டமே இல்லையேம்மா."

இந்த முறை துணுக்கு காலிலிருந்து போனது. டிங்கோதான். தானே முன்வந்து சொன்னதால் லைசென்ஸ் தப்பியது. டீட்மார்தான் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவர் முணுமுணுத்துவிட்டு, காது மட்டும் அசல் டிங்கோவுடையதாக இருக்கட்டும் என்றார். ரேலீனுக்கும் பிஸ்கட்டின் காதைக் கடல் தாண்டி அனுப்ப மனசில்லை. பிரித்து எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மெர்வ் செய்தித்தாளில் சுற்றி இரண்டு காதுகளைக் கொண்டுவந்தான்.

"இது எதோடதுடா?"

"நாயோடதுதான்."

ரேலீன் என் பக்கம் ஒரு புதுப் படிவத்தை நகர்த்தினாள்.