அண்ணன் பியூஸ் போடாமல் விட்ட வயர்

எங்கள் அண்ணன் பயந்த சுபாவம் உள்ளவர். நினைவு மலரை இப்படியா தொடங்குவது என்று மதினி கேட்டார்கள். அந்தப் பயத்தால்தான் இதைப் படிக்கும் உங்களில் சிலர் இன்று நம்மோடு இருக்கிறீர்கள். அதனால் அப்படியே தொடங்குகிறேன்.

கொட்டாரத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, படிப்பை விட்டுவிட்டு நாகர்கோவிலில் ஒரு ஒர்க்ஷாப்பில் வண்டிகளுக்கு வயரிங் செய்யப் பழகினார். பிறகு கல்ஃபுக்குப் போய் உழைத்து, தங்கையான எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார். திரும்பி வந்து ஆரல்வாய்மொழியில் சொந்தமாகக் கடை போட்டார். வண்டிக்குக் கூடுதல் விளக்கு மாட்ட வருகிறவர்கள் அவரிடம் படும் பாடு சொல்லி முடியாது. ஹெட்லைட் வயரிலிருந்தே இழுத்துக் கொடுத்தால் போதாதா என்பார்கள். அண்ணன் மசியமாட்டார். பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரியை ஒட்டியே பியூஸ், பிறகு சுவிட்ச் சூடாகாமலிருக்க ரிலே, தகரத்தில் வயர் நுழைகிற துளைக்கு ரப்பர் வளையம். "தீப்பிடிச்சா நானா வந்து அணைக்கப் போறேன்? பைய இரும்," என்பார்.

கார்த்திகை பிறந்தால் சபரிமலை போகிற வேன்கள் பனிக்கு மஞ்சள் விளக்கு கேட்டு வரிசையில் நிற்கும். போன கார்த்திகையில், பக்கத்து வீட்டுச் செல்வத்தின் வேனில் வேலை செய்துகொண்டிருந்தபோது அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் சாயங்காலம்தான் பேச முடிந்தது.

"ஏட்டி, செல்வத்துக்க வண்டி கெளம்பியாச்சா?"

"மத்தியானமே போயாச்சுண்ணே."

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "அந்த வயருக்கு பியூஸ் போடல. ரப்பரும் வைக்கல. லைட்டு எரியுதான்னு பாக்கதுக்கு பேட்டரியிலேருந்து நேரா குடுத்திருந்தேன். வண்டி ஆட்டத்துல தகரத்துல ஒரசினா தீதான். இப்பமே விளிச்சுச் சொல்லுட்டி."

செல்வம் போனை எடுக்கவில்லை. வேனில் ஐயப்பன் பாட்டு அலறிக்கொண்டிருந்திருக்கும். வராந்தாவில் நின்று திரும்பத் திரும்ப அழைத்தேன். உள்ளே என் அண்ணன். அந்த வேனில் எங்கள் தெரு ஆண்களும் சின்னப் பிள்ளைகளும். யாருக்காக முதலில் வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அண்ணன் கண்ணை மூடாமல் கதவையே பார்க்கிறார் என்று நர்ஸ் வந்து சொன்னார்.

புனலூரில் சாயா குடிக்க நிறுத்தியபோது செல்வமே கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னேன்.

"லைட்டு நல்லா எரியுதேக்கா. வேலை முடிஞ்சுதுன்னுல்லா நெனச்சேன்."

"எல்லாரையும் எறக்கு மக்கா. பேட்டரியில குடுத்த வயரக் கழத்து. பொறவு பேசு."

போனை வைக்காமலே கழற்றினான். "தோலு உரிஞ்சு செம்பு தெரியுதுக்கா," என்றான்.

உள்ளே ஓடினேன். "கழத்தியாச்சுண்ணே."

"சாமிமாரு?"

"எல்லாரும் சாயா குடிச்சுட்டு நிக்காவ."

அப்போதுதான் அண்ணன் கண்ணை மூடினார். மறுநாள் எங்களை விட்டுப் போய்விட்டார்.

சிகிச்சை அளித்தவர்களுக்கும், மதினிக்கும் பிள்ளைகளுக்கும் இந்த ஒரு வருடமாகத் துணைநிற்கும் சொந்தபந்தங்களுக்கும் எங்கள் நன்றி. அந்த வேனில் போனவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மாலை போட்டவர்கள் இழவு வீட்டுக்கு வரக்கூடாது. நீங்கள் மலையிலிருந்து திரும்பி, கோயிலில் மாலையைக் கழற்றிவிட்டு, உங்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எங்களிடம் வந்தீர்கள். அதற்குள் அண்ணனை எடுத்துவிட்டோம். முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று நீங்கள் அழுததை நான் மறக்கவில்லை.

இந்தக் கார்த்திகைக்கு ஊரில் எல்லோரும் மாலை போட்டுவிட்டார்கள். நீங்கள் மட்டும் போடவில்லை. ஏன் என்று செல்வத்திடம் கேட்டேன்.

"அண்ணனுக்க திதிச் சோறு தின்னுட்டு, மறுநாளு போடுவோம்க்கா," என்றான்.