வாஷியில் இறங்கிய பை

ஆனிக்குத் தன்னைப் பற்றி ஒரு பெருமை இருந்தது. ஆமாம், இருந்தது. பிள்ளை பெறுவதற்கு முன்னால் இருந்த பெருமை அது. பம்பாயில் வடாலாவில் வீடு, வாஷியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை அவளுக்கு. துறைமுகத்துக்கு வரும் சரக்கின் காகிதங்களில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். "நான் எதையும் மறக்கவே மாட்டேன்" என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லுவாள். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

ஈதன் பிறந்தான். பெருமை போன இடம் தெரியவில்லை. முதல் முதலாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, பட்டுச் சேலையெல்லாம் கட்டித்தான் போனாள். காலில் ஒரு செருப்பு அவளுடையது, இன்னொன்று புருஷன் ஜோஷுவாவுடையது. ஆராதனை முடிந்து கைகொடுக்க வந்த போதகர் கீழே ஒரு பார்வை பார்த்தார். நல்ல மனுஷன், பிள்ளையின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு நகர்ந்தார். அடுத்த வாரம் மீன் வாங்கப் போனாள். வவ்வால் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டே இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு நின்றாள். மீன்காரி அவளையே உற்றுப் பார்த்துவிட்டு, "பாளா கிதர் ஹை?", பிள்ளை எங்கே, என்று கேட்டாள். பிள்ளை வீட்டில் அப்பன் மடியில் கிடந்தது. இவள் ஆட்டி ஆட்டித் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது மீன் பையை.

கையில் எதைக் கொடுத்தாலும் தாலாட்டுகிற வியாதி பிடித்துவிட்டது அவளுக்கு. குக்கரை அடுப்பிலிருந்து இறக்கினால்கூட ரெண்டு ஆட்டு ஆட்டித்தான் கீழே வைப்பாள். ஜோஷுவா சிரித்தால், "நீங்க பெத்துப் பாருங்க, அப்பத் தெரியும்" என்பாள்.

பிரசவ லீவு முடியப்போகிற நேரம் வந்தது. பிள்ளையை யார் பார்ப்பது? தாராவியில் இருக்கிற ஆனியின் அம்மாவுக்கு இட்லி வியாபாரம், விடியுமுன்னே அடுப்பு பற்றவைக்கிறவள். மிச்சம் ஜோஷுவாவின் அக்கா ரோஸிதான். ரோஸிக்கு வீடு சான்பாடாவில், வாஷிக்கு அடுத்த ஸ்டேஷன். மகள் கல்யாணமாகிப் பூனாவுக்குப் போய்விட்டாள், மகன் கப்பலில். வீட்டில் ரோஸியும் டிவியும் மட்டும்தான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று அவளே கேட்டபோது ஆனிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அடுத்த வார்த்தையில் அதே பால் திரிந்தது.

"திங்கக்கிழமை காலைல ஜோஷுவா கொண்டாந்து விடட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள் ரோஸி.

"ராத்திரி?"

"ராத்திரியும் என்கிட்டதான். பின்ன? தெனமும் காலைல அந்தக் கூட்டத்துல கைப்பிள்ளையைத் தூக்கிட்டு வடாலாவுலேருந்து வருவியோ?"

"வருவேன் மயினி."

"நீயா? ஒரே சோடிச் செருப்பு போட்டு நடக்கத் தெரியல உனக்கு."

கோவில் சங்கதி சான்பாடா வரைக்கும் போயிருக்கிறது! ஆனி ஜோஷுவாவை முறைத்தாள். அவன் தட்டில் இருந்த முருங்கைக்காயை அக்கறையாக ஆராய்ந்தான்.

வாரத்தில் நாலு ராத்திரி பிள்ளை இல்லாத வீடு. ராத்திரி ராத்திரியாகத் தூங்கவிடாத பயல்தான், சனியன் என்று திட்டாத நாள் கிடையாது. அதற்காக அடுத்தவர் வீட்டில் போய் அழுவானா? அவன் அழுதால் அவள்தான் எழுந்திருக்க வேண்டும். அது அவளுடைய அழுகை. அவள் விடவில்லை, பிடிவாதமாக நின்றாள். கடைசியில் ரோஸி ஒரு தீர்ப்பு சொன்னாள். "சரி. வர்ற புதன்கிழமை ஆபீஸ் நேர வண்டியில, நீ மட்டும், தனியா பிள்ளையைக் கூட்டிட்டு வா. ஜோஷுவா கூட வரக்கூடாது. நான் சான்பாடா ஸ்டேஷன்ல நிக்கேன். ஒழுங்கா வந்து சேர்ந்தியன்னா தெனமும் காலைல கொண்டாந்து விடு, சாயங்காலம் கூட்டிட்டுப் போ. வரலன்னா நான் சொல்லுதபடி."

புதன்கிழமை வந்தது. செருப்பை ரெண்டு தடவை பார்த்துச் சோடி சரிதான் என்று உறுதி செய்துகொண்டாள் ஆனி. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதுகில் ஒரு பெரிய பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பன்வேல் போகிற வண்டியில் ஏறினாள். லேடீஸ் டப்பாவில், பெண்கள் பெட்டிக்கு இங்கே அதுதான் பேர், ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள் ஷமீமா. மஸ்ஜித் ஸ்டேஷனிலிருந்து ஏறுகிறவள், நெரூலில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஆனிக்கு ட்ரெயின் சிநேகிதி.

"யா அல்லா, யாரு வர்றா பாரு! கொண்டா கொண்டா" என்று கையை நீட்டினாள். நிற்கிறவளின் பாரத்தை உட்கார்ந்திருக்கிறவள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது இந்த வண்டியில் எழுதாத சட்டம். காய்கறிப் பையானாலும் சரி, பிள்ளையானாலும் சரி. ஆனி ஈதனைக் கொடுத்தாள். கூட்டத்தில் முதுகுப் பை யார் மூக்கிலாவது இடிக்கும், ஆகவே பம்பாய்க்காரிகள் எல்லோரும் செய்வதைப் போலப் பையைக் கழற்றி முன்பக்கம் நெஞ்சோடு மாட்டிக்கொண்டாள்.

ஈதன் மடிமடியாகப் பயணம் போனான். ஒருத்தி அவன் கன்னத்தைக் கிள்ளினாள், இன்னொருத்தி வளையலைக் கழற்றி விளையாடக் கொடுத்தாள், மறுபடி ஷமீமாவிடமே வந்து சேர்ந்தான். ஆனியிடம் யாரும் பால் குடித்தானா, எடை ஏறினானா என்று கேட்கவில்லை. "உங்க மேனேஜர் அதே விக்குதான் வச்சிருக்கானா?" என்று கேட்டார்கள். அவன் விக்கு காற்றில் பறந்த கதையை ஆனி சொன்னாள். டப்பாவே சிரித்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து பிள்ளைப் பேச்சு இல்லாத ஒரு முழு வாக்கியம் வந்தது அன்றைக்குத்தான். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! மான்கூர்ட் தாண்டி வண்டி கழிமுகப் பாலத்தில் ஏறியதும் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. பழைய ஆனி திரும்பி வந்துவிட்டாள் என்று அவளுக்கே தோன்றியது.

வந்தது பழைய ஆனியேதான். அதுதான் வினை.

பின்னாலிருந்து ஒருத்தி வழக்கம்போல் முதுகைத் தொட்டு, "வாஷி?" என்று கேட்டாள். இறங்குகிறாயா, இல்லை வழி விடுகிறாயா என்று அர்த்தம். எட்டு வருஷமாகச் சொன்ன பதிலை ஆனியின் வாய் சொன்னது: "ஹாங்." எட்டு வருஷமாக நகர்ந்த மாதிரியே கால் வாசலுக்கு நகர்ந்தது. வண்டி நின்றது, இறங்கினாள். நெஞ்சில் பாரம் இருந்தது, அதைச் சுற்றிக் கை இருந்தது, ஆகவே எல்லாம் சரியாக இருந்தது. திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் கம்பி வழியாக ஷமீமாவும் மற்றவர்களும் வாயைத் திறந்து கையை வீசு வீசென்று வீசினார்கள். என்ன பாசம் என்று நினைத்துக்கொண்டு ஆனியும் சிரித்தபடி டாட்டா காட்டினாள். வண்டி நகர்ந்தது.

படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். நடக்க நடக்க ஆட்டினாள், ஆட்ட ஆட்டத் தட்டிக்கொடுத்தாள். "ச்சு ச்சு, வந்துட்டோம்லா தங்கம், வந்துட்டோம்லா" என்று குனிந்து ஒரு முத்தம் கொடுத்தாள். உதட்டில் சில்லென்று ஜிப் பட்டது.

பிள்ளைக்கு ஜிப் கிடையாது.

வண்டியின் வால் பிளாட்பாரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. "என் பிள்ளை! என் பிள்ளை!" என்று கத்திக்கொண்டு அதன் பின்னால் ஓடினாள். ஓடி என்ன செய்ய, வண்டியைப் பிடித்து நிறுத்துவாளா? பையின் அடியில் எங்கேயோ கிடந்த போனைத் தேடி நாப்கின், பால் பாட்டில், மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் பிளாட்பாரத்தில் வாரி இறைத்தாள். ஷமீமாவைக் கூப்பிட்டால் பிஸி. மறுபடியும் பிஸி. அங்கே அவள் இவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், எப்படிக் கிடைக்கும்!

"ஏ லூசு!" கடைசியில் ஷமீமாவின் குரல் வந்தது. "பிள்ளை என் மடியில பத்திரமா இருக்கு. கத்து கத்துன்னு கத்துதோம், டாட்டா காட்டுதா, டாட்டா! சான்பாடாவுல இறங்கி நிக்கேன், அடுத்த வண்டியைப் புடிச்சு வா."

"ஷமீமா... அங்க என் மயினி நிப்பாங்க."

"நின்னா என்னட்டி? கூட்டம் தள்ளிவிட்டுட்டுன்னு சொல்லிக்கிடுதேன். நீ அழாம வா."

இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினவளைப் பற்றிப் பழமொழி உண்டு. அந்தப் பழமொழிக்காரி தேவலை, அவளிடம் பிள்ளையாவது இருந்தது. அடுத்த வண்டி வரும் வரைக்கும் ஆனி நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஷமீமாவிடம் பத்திரமாக இருக்கிறான் என்று புத்திக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. ரெண்டு கையும் வெறுமையாகத் தொங்குவதைப் பார்க்கப் பார்க்க அழுகை பொங்கியது. நான் ஒரு தாயா? பை தூக்கத்தான் லாயக்கு! 'ஆண்டவரே, அவன் என் கையில வந்தாப் போதும். நாலு ராத்திரி என்ன, ஏழு ராத்திரியும் மயினிகிட்டயே இருக்கட்டும். நான் வாயே திறக்க மாட்டேன்' என்று பொருத்தனை பண்ணிக்கொண்டாள்.

சான்பாடாவில் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே குதித்தாள். பெஞ்சில் ரோஸியும் ஷமீமாவும் உட்கார்ந்திருந்தார்கள். ரோஸியின் மடியில் ஈதன், அவள் கழுத்துச் செயினைக் கடித்துக்கொண்டு ராஜா மாதிரி இருந்தான். ஆனியைப் பார்த்தானோ இல்லையோ, உதடு பிதுங்கியது. அடுத்த நொடி ஸ்டேஷன் அதிரக் கத்தினான். ரோஸி தோளில் போட்டுத் தட்டிப் பார்த்தாள், செயினைக் காட்டினாள், சாவிக்கொத்தை ஆட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. ஆனி வாங்கினாள். அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ரெண்டு விம்மல் விம்மினான், அடங்கிவிட்டான்.

"கூட்டம் தள்ளிட்டுதுக்கா" என்று ஷமீமா மறுபடி ஆரம்பித்தாள்.

"கூட்டம் தள்ளினவதான் சிரிச்சுக்கிட்டே டாட்டா காட்டினாளோ? நீங்கதானம்மா வண்டியிலேருந்து இறங்கும்போதே போன்ல யார்கிட்டயோ சொல்லிச் சிரிச்சிய." ரோஸி ஆனியின் பக்கம் திரும்பினாள். "பிள்ளையைத் தனியா கூட்டிட்டு வான்னு சொன்னேன். நீ பையைத் தனியா கூட்டிட்டு வந்திருக்க. பிள்ளை உனக்கு முன்னாலயே வந்துட்டான்."

"நீங்களே வச்சுக்கிடுங்க மயினி. ஏழு நாளும் வச்சுக்கிடுங்க. என்கிட்ட இருந்தா நான் எங்கயாவது விட்டுருவேன்" என்றாள் ஆனி. சொன்னது வாய்தான். கைகள் பிள்ளையை விடவே இல்லை, இன்னும் இறுக்கின.

ரோஸி அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"தொட்டிலெல்லாம் வாங்கிப் போட்டுட்டேன் ஆனி" என்றாள். "அந்த வீட்டுல டிவி சத்தத்தையே கேட்டுக் கேட்டுக் காதடைச்சுப் போச்சு எனக்கு. ராத்திரியும் ஒரு பிள்ளைச் சத்தம் கேட்டா நல்லாருக்கும்னு ஆசைப்பட்டேன், அதான் அப்படிச் சொன்னேன். ஆனா இப்ப கத்தினான் பாரு, இந்த மாதிரி ராத்திரியில கத்தினா நான் எங்கன்னு போயி உன்னைத் தேடுவேன்?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பகல்ல என்கிட்ட இருக்கட்டும், ராத்திரி உன்கிட்ட. ஆனா ஒண்ணு. தெனமும் காலைல நான் வாஷிக்கே வந்து டப்பா வாசல்கிட்ட நிப்பேன். முதல்ல பிள்ளையை என் கையில குடு. அப்புறம் நீ இறங்கினா இறங்கு, இறங்காட்டிப் போ."

ஷமீமா சிரித்த சிரிப்பில் ஈதனும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். ஆனிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

வேலைக்குத் திரும்பின திங்கட்கிழமை, மான்கூர்ட் தாண்டியதுமே லேடீஸ் டப்பா மொத்தமும் ஆரம்பித்துவிட்டது. "ஆனி, பாப்பா!" "ஏ ஆனி, பச்சா லியா க்யா?" என்று, பிள்ளையை எடுத்தாயா என்று, ஒருத்தி. தமிழ் தெரியாத குஜராத்திக்காரிகூட விரலை நீட்டிப் பிள்ளையைக் காட்டினாள். அவமானம் என்றால் இதுவல்லவா அவமானம்! ஆனி பிள்ளையை இறுக்கிக்கொண்டு, "இருக்கான், இருக்கான்" என்று ஊருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். வாஷியில் ரோஸி சொன்னபடியே ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஆனி பிள்ளையைக் கொடுத்தாள், இறங்கினாள். வண்டி கிளம்பியது.

சட்டென்று நெஞ்சு லேசாக இருந்தது. தடவிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. திரும்பினாள். ரோஸியின் தோளில் ஈதன் செயினைக் கடித்துக்கொண்டிருந்தான். அப்புறம்தான் வண்டியைப் பார்த்தாள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஷமீமா அவள் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, உன் பை!" என்று கத்தினாள் ரோஸி.

"போகட்டும் மயினி" என்றாள் ஆனி. வண்டியைப் பார்த்து டாட்டா காட்டினாள். இந்தத் தடவை தெரிந்தேதான் காட்டினாள்.