ஸ்டெப்னி இருந்த குழியில் பேஸ் பெட்டி

எங்கள் காரில் கம்பெனி கொடுத்த ஸ்டீரியோ நன்றாகத்தான் பாடியது. எனக்குத்தான் பேஸ் போதவில்லை. அருப்புக்கோட்டையில் செட் மாட்டுகிறவர், "ஸ்டெப்னிய எடுத்துட்டா அந்தக் குழியில பேஸ் பெட்டி கச்சிதமா உக்காந்துரும்க்கா" என்றார். என் கணவர் வேண்டாமென்று சொல்லியும் நான் கேட்கவில்லை.

மறுவாரம் மாமனாரோடு எம்.ரெட்டியபட்டியில் இருக்கும் எங்கள் பருத்திக்காட்டுக்குப் போயிருந்தேன். அங்கே அவருக்குச் சுகர் இறங்கி வியர்த்துக் கொட்டியது. வாயில் சர்க்கரையைப் போட்டு, ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினேன். பாதி வழியில் கருவேலமுள் ஏறி டயர் படுத்துவிட்டது. டிக்கியைத் திறந்தால் பெட்டிதான் இருக்கிறது!

அந்தப் பக்கம் வந்த ஷேர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இதையா மாட்டி ஓட்டப் போறீக?" என்று கேட்டுக்கொண்டே மாமாவைத் தூக்கி ஏற்றினார். நல்லவேளை, மாமா பிழைத்தார்.

மறுநாளே கடைக்குப் போய்ப் பெட்டியைக் கழற்றச் சொன்னேன்.

"சின்ன சைசுல ஒண்ணு இருக்குக்கா."

"ஒண்ணும் வேண்டாம். என் டயரை வைங்க."

இப்போதெல்லாம் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை.

போன வாரம் மாமா, "என்னம்மா, பாட்டுச் சத்தம் கம்மியா இருக்கு?" என்றார்.

"இருந்துட்டுப் போகுது மாமா. பின்னால டயரு இருக்கு."