தெரு நாய் என்று நான் வாதாடியது

பாளையங்கோட்டையில் நான் வக்கீல். வாடகை வழக்குகள்தான் அதிகம். “எழுத்திலும் இல்லை, வாயாலும் சொல்லவில்லை, ஆனாலும் ஒப்பந்தம் இருந்தது. இவர் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள்” என்று நீதிபதியிடம் வாதாடுவது எனக்கு நன்றாக வரும். அந்தச் சட்டம் என் வீட்டுக் கேட்டுக்குள்ளும் நுழையும் என்று நினைக்கவில்லை.

கோடையில் ஒரு காலை, மிஞ்சிய இட்லியை வாசலில் நின்ற செவலை நாய்க்குப் போட்டேன். மறுநாளும் வந்தது. போட்டேன். மழைக்காலத்தில் கார் நிறுத்தும் இடத்தில் வந்து படுத்தது. நான் விரட்டவில்லை, ஒரு சாக்கை மட்டும் விரித்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் பக்கத்து வீட்டு டீச்சர் கேட்டைத் தட்டினார்.

“சார், உங்க நாய் எங்க கோழிக்கறிய சட்டியோட உருட்டிட்டு.”

“எங்க நாயா? அது தெரு நாயில்லா டீச்சர்!”

“தினமும் சோறு போடுதது யாரு?”

“நான்தான். ஆனா...”

“ராத்திரி எங்கன படுக்கு?”

“இங்கனதான். அதுக்காக, நான் வளக்க ஒத்துக்கிட்டேன்னு ஆயிருமா?”

சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல்கள் என்னிடம் தோற்பதற்குச் சற்று முன் பேசுகிற வசனம் அது. நாயோ என் காலில் சாய்ந்து உட்கார்ந்து வாயை நக்கிக்கொண்டிருந்தது. அடுக்களையில் மனைவி சிரிப்பது கேட்டது. போய்க் கோழி வாங்கி வந்து கொடுத்தேன்.

டீச்சர் வாங்கிக்கொண்டு, “முதல்ல அதுக்கு ஒரு ஊசி போடுங்க சார். சின்னப் பிள்ளைக நடமாடுத தெரு” என்றார்.

அந்த வாரமே ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். ஊசியைக் கண்டதும் அது என் வெள்ளைச் சட்டையில் முகத்தைப் புதைத்து நடுங்கியது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “ஒண்ணுமில்ல லே, ஒண்ணுமில்ல” என்று நான் கொஞ்சியதை என் கட்சிக்காரர் யாரும் பார்க்கவில்லை என்றே நம்புகிறேன்.

“பேரு என்ன சார்?” என்று டாக்டர் கேட்டார்.

“இன்னும் வைக்கல.”

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், “இதுக்கு ஒரு பேரு வைக்கணும்” என்றேன், பெரிய மனசு பண்ணியவனைப் போல.

“அதெல்லாம் மழைக்கு முந்தியே வச்சாச்சு. தெருவே அதச் சொல்லித்தான் கூப்பிடுது” என்றாள். “நீங்கதான் கேக்கல.”